அத்தியாயம் 6: நிலாவெளி, உப்புவெளிக் கடலில் குளிக்க

திருகோணமலைக்குப் புறப்படுகிறவர்கள் தங்குமிடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, "கடல் தண்ணி இப்ப குளிருமோ?" என்பது. நுவரெலியாவிலிருந்து வருகிறவர்களும் கேட்பார்கள், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கேட்பார்கள். பதில் ஆண்டு முழுவதும் ஒன்றே: குளிராது. நிலாவெளிக் கடலின் மேற்பரப்பு நீர் ஜனவரியில் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் 30ஐ நெருங்கும். ஆண்டின் இரு முனைகளுக்கும் இடையில் மூன்று பாகைதான் வித்தியாசம்.

ஆனால் அந்த 27 பாகை ஜனவரிக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்குவது ஆபத்து. இரண்டே பாகை கூடிய ஜூன் மாதக் கடலில் சின்னப் பிள்ளைகளையும் கைபிடித்து இறக்கலாம். இந்தக் கரையில் குளிப்பைத் தீர்மானிப்பது நீரின் சூடல்ல, காற்று. ஆகவே தங்குமிடத்தாரிடம் கேட்க வேண்டியது, "இப்ப என்ன காத்து?" என்றுதான்.

வாடையும் கச்சானும்

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வீசுவது வாடை. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவின் திறந்த பரப்பைக் கடந்து வரும் காற்று இது. வழியில் தடையேதும் இல்லாததால் அலையை வளர்த்துக்கொண்டே வந்து கரையில் அறையும். மழையும் இதனோடுதான் வரும். திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைப் பெய்துவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறிக் கிழக்குக்கு வருகிறது. நமக்கு வேண்டிய விசயம், அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்பது. கரையருகே அலை எழும்புவதற்கு அதற்குத் தூரம் கிடைப்பதில்லை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஜூலை வெயிலோடு சேர்த்துத் திட்டு வாங்கும் இந்தக் கச்சான்தான் நிலாவெளிக் கடலைத் தட்டையாக்கித் தருகிறது.

இதே மாதங்களில் மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குக் கிழக்கே வந்து, கரையில் வாடி போட்டுத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. வாடிகளில் அடுப்பு எரிகிறது, வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன என்றால் கடல் நடுவாந்தரமாக இருக்கிறது என்று பொருள். வாடி பிரித்து ஆட்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டால் குளிக்கும் பருவமும் முடிந்தது.

மாதவாரியாக

*ஜனவரி, பெப்ரவரி (சுமார் 27 பாகை).* வாடை நிற்கவில்லை. அலை உயரம், கரையோர நீர் கலங்கல். பெப்ரவரி பிற்பாதியில் சில நாட்கள் கடல் அடங்கிக் கிடக்கும். அதை நம்பிப் பயணம் ஒழுங்கு செய்ய வேண்டாம்.

*மார்ச் (28 பாகை).* காற்று தளரும், நீர் தெளியத் தொடங்கும். ஆனால் வாடை கரையை அரித்து மணல்மேடுகளை இடம்மாற்றிவிட்டுப் போயிருக்கும். சென்ற ஆண்டு இடுப்பளவு இருந்த இடத்தில் இப்போது பள்ளம் இருக்கலாம். முதல் நாள் காலால் தடவித் தடவி இறங்குங்கள்.

*ஏப்ரல், மே (29 முதல் 30 பாகை).* இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அமைதி. ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். காற்றும் இல்லாததால் நீர் ஆண்டின் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. கடல் கண்ணாடி. வெயில்தான் எதிரி. பின்னேரங்களில் இடிமழை வரலாம். முதல் இடி கேட்டதும் கரையேறிவிட வேண்டும்.

*ஜூன் முதல் ஓகஸ்ட் வரை (28 முதல் 29 பாகை).* நல்ல பருவம், நல்ல கூட்டமும். தரையில் வெப்பம் 34, 35 பாகைக்குப் போனாலும் கடல் மே மாதத்தைவிட ஒரு பாகை இறங்கியிருக்கும். காற்று மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்குகிறது. போதாததற்கு, இந்தப் பருவத்தில் இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் ஒரு பெருஞ்சுழல் உருவாகி அடிநீரை மேலே தூக்குகிறது. கடலியலாளர்கள் அதற்கு 'இலங்கைக் குவிமாடம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

*செப்டெம்பர் (28 முதல் 29 பாகை).* பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்துவிடும், கடல் இன்னும் கெடாது. முடிந்தவர்களுக்கு இதுவே சிறந்த மாதம்.

*ஒக்டோபர்.* முதல் பாதி பெரும்பாலும் குளிக்கலாம். பிற்பாதியை நம்ப முடியாது.

*நவம்பர், டிசம்பர் (27 முதல் 28 பாகை).* மழையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலைப் பகுதியையும் உலுக்கிவிட்டே போனது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவி இதே மாவட்டக் கரையில்தான் ஏறியது. இந்த மாதங்களில் கடலைப் பார்க்க வாருங்கள், குளிக்க அல்ல.

மேலே தந்தவை பொதுவான அளவுகள். தொலைபேசிச் செயலிகள் காட்டும் எண் பெரும்பாலும் செய்மதி அளவீட்டிலிருந்து கணித்த பரந்த கடற்பரப்பின் சராசரி. நண்பகலில் கணுக்காலளவு நீர் அதைவிடச் சூடாகவே இருக்கும். உங்கள் காலடி நீரின் அளவு தெரிய வேண்டுமானால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாளி நீரை மொண்டு, நிழலில் வைத்து, உடனே வெப்பமானியை விடுங்கள். காற்றுப்பட வைத்திருந்தால் நீர் ஆவியாகி அளவு குறைந்துவிடும்.

எந்தக் கரை யாருக்கு

*உப்புவெளி.* நகரத்திலிருந்து வடக்கே சில கிலோமீற்றரில். தங்குமிடங்கள் நெருங்கியிருப்பதால் எந்நேரமும் கண்பார்வையில் ஆட்கள் இருப்பார்கள். முதன்முறை கடலில் இறங்குகிறவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஏற்றது.

*நிலாவெளி.* நகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீற்றர். நீண்டு அகன்ற வெண்மணல், பருவத்தில் மெல்ல ஆழமாகும் தரை. கரை நீளமானதால் ஆளில்லாத பகுதிகளும் அதிகம். தனிமை பிடிக்கும் என்பதற்காக அங்கே போய்த் தனியாக இறங்கக் கூடாது. வடக்கே இறக்கக்கண்டிப் பாலத்தடியில் களப்பு கடலோடு கலக்கிறது. முகத்துவாரம் எதுவானாலும் குளிக்கும் இடமல்ல: வற்றுப்பெருக்கின்போது களப்பு நீர் முழுவதும் அந்த ஒடுங்கிய வாயால்தான் போய்வர வேண்டும். திருகோணமலையில் கடல் ஏறி இறங்கும் அளவு அரை மீற்றர் அளவில்தான். அந்த அரை மீற்றரே முகத்துவாரத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போகப் போதும்.

*மாபிள் பீச்.* சீனன்குடாப் பக்கம், விமானப்படையின் பராமரிப்பில். நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் திறந்த கடலின் அலை முழுவீச்சில் வந்து சேர்வதில்லை. வெளிக்கரைகள் முரண்டு பிடிக்கும் நாட்களில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம். மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது. பெருமழைக்குப் பிறகு குடாநீர் கலங்கியிருந்தால் சில நாள் பொறுங்கள்.

அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் இடம் மாறி வந்துவிடக் கூடாது. அவர்களுக்கு உரியது பொத்துவில் அறுகம்குடா. தெற்கிலிருந்து வரும் நெடுந்தூர அலை அதே ஜூன், ஜூலையில் அங்கே உருண்டு எழும். நிலாவெளிக்கு வரும்போது அதற்குச் சத்து இருக்காது.

இறங்குமுன் ஐந்து நிமிடம்

வந்த வேகத்தில் துவாயை எறிந்துவிட்டு ஓடாமல் கரையில் நின்று பாருங்கள்.

முதலில் கரைவலை. பருவத்தில் காலை நேரத்தில் வலை இழுப்பார்கள். இரு கயிறுகள் கடலுக்குள் போகும். அவற்றுக்கு நடுவே நீந்தக் கூடாது. கயிறு இறுகும்போது காலில் சுற்றினால் வெட்டும், இழுப்பவர்களின் நாள் உழைப்பும் கெடும். விலகி நின்று வலை கரையேறும்வரை பார்த்தால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. மீனோடு சேர்ந்து சொறி (ஜெலிமீன்) வழுவழுவென்று குவிந்து கிடக்கிறதென்றால் அன்றைக்குக் கடலில் சொறி இருக்கிறது. வலைக்காரரிடம், "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேளுங்கள். "இழுவை கூட, பிள்ளையளை இறக்காதேங்கோ" என்று சொன்னால் மறுபேச்சில்லை.

அடுத்தது இழுவை. கரைக்கு வந்த நீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும். மணல்மேட்டில் பள்ளம் உள்ள இடத்தில் அது திரண்டு வேகமாக வெளியேறும். அலை வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நீர் கறுத்து அல்லது மணல் கலங்கி, நுரையும் பாசியும் கடல்பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். தெரியாதவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று அங்கேயே இறங்குவார்கள். இறங்கக் கூடாத இடம் அதுதான்.

மூன்றாவது காற்று. கச்சான் காலத்துக் காலைகளில் கரையோரம் அசைவின்றி இருக்கும், ஆனால் தூரத்தில் வெள்ளை நுரை தெறிக்கும். தரைக்காற்று பலமாக அடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். காற்றடித்த மெத்தை, மிதவை வளையம், பிள்ளைகள் ஏறி உட்காரும் பிளாஸ்டிக் வாத்து எல்லாவற்றையும் அப்போது தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். காற்று முதுகில் தள்ள, மெத்தையில் படுத்திருப்பவருக்குக் கரை விலகுவது தெரியாது. தெரியும்போது கையால் துழாவித் திரும்ப முடியாத தூரம் போயிருக்கும். மிதவை பறந்துவிட்டால் போகட்டும். அதை எடுக்கப் பின்னால் நீந்தப் போகிறவருக்குத்தான் ஆபத்து.

கடைசியாக வெளிச்சம். இது கிழக்குப் பார்த்த கரை. காலையில் சூரியன் கண்ணுக்கு நேரே நின்று நீரில் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்குள் ஒரு சின்னத் தலையைத் தேடிப் பிடிப்பது கடினம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகே வசதி. வெயில் முதுகுப்பக்கம் சாய்ந்திருக்கும், நீருக்குள் இருப்பவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். காலையில் இறக்கினால் கரையிலிருந்து பார்த்தால் போதாது. கையெட்டும் தூரத்தில் நீங்களும் நீரில் நிற்க வேண்டும்.

கொடி கட்டியிருந்தால் அதுவே இறுதி வார்த்தை. சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் உள்ளது, அதற்குள் குளியுங்கள். இவ்வளவு நீளமான கரையில் எல்லா இடத்திலும் அவர்கள் இருக்க மாட்டார்கள், ஆகவே கொடி இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இழுவையில் அகப்பட்டால்

கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். பலமான இழுவை ஒலிம்பிக் நீச்சல்காரரையும் தோற்கடிக்கும். அது ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் பலம் குறைந்துவிடும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீர்ப்படுத்துங்கள். பிறகு கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி, அலை உடைகிற பக்கம் வந்து, அந்த அலையோடு கரையேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி அசையுங்கள். கரையில் இருப்பவர்கள் வெறுங்கையோடு பாயக் கூடாது. மிதவை, கயிறு, மூடியடைத்த வெற்றுக் கான் என்று மிதக்கக்கூடிய எதையாவது எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

வெதுவெதுப்பும் உடம்பும்

28 பாகை நீர் இதமாகத் தோன்றும், ஆனால் நம் தோலின் வெப்பத்தைவிட அது குறைவு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். ஒல்லியான பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் உதடு நீலித்துப் பல் கிட்டுவது அதனால்தான். 'இந்த வெயிலில் குளிரா?' என்று சிரிக்காமல் வெளியே எடுத்துத் துடைத்து, உலர்ந்த உடுப்புப் போட்டு விடுங்கள்.

பெரியவர்களுக்குப் பிரச்சினை மறுபக்கம். திறந்த நீர் நீச்சற் போட்டிகளுக்குச் சர்வதேச விதி 16 பாகையைக் கீழெல்லையாகவும் 31 பாகையை மேலெல்லையாகவும் வைத்திருக்கிறது. மே மாத நிலாவெளிக் கடல் அந்த மேலெல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்போது நெடுந்தூரம் நீந்தினால் உடம்பு சூட்டை வெளியேற்ற வழியின்றித் திணறும். வியர்ப்பதும் நீருக்குள் தெரியாது. நீச்சற் பயிற்சியைக் காலை ஆறரைக்குள் தொடங்கி, இடையிடையே தண்ணீர் குடியுங்கள். இளநீரும் நல்லது. மது குடித்தவர் எந்த மாதத்திலும் எந்த ஆழத்திலும் இறங்கக் கூடாது.

காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை வெயில் தோலை உரிக்கும். களிம்பைவிட நீண்ட கைச் சட்டை நம்பகமானது, பவளத்துக்கும் கேடில்லை. சேலையும் தாவணியும் நனைந்தால் காலைச் சுற்றும். இறுக்கமான காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்தால் பாதுகாப்பு. நீச்சலுடையைத் தங்குமிடத்துக்கு முன்னாலுள்ள கரையோடு வைத்துக்கொண்டு, வாடிகள் பக்கமும் ஊருக்குள்ளும் போகும்போது மேலே ஏதாவது உடுத்திக்கொள்வது இந்த ஊருக்கு மரியாதை.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் உள்ள புறாமலை 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்திடம், படகு தனி. இங்கே முகமூடி போட்டு மிதந்தபடி பவளத்தையும், முதுகுச்செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்களையும் பார்க்கலாம். அவை ஆளைக் கண்டால் விலகிப் போகும், துரத்தாதீர்கள். கூட்டம் சேருமுன், நீர் கலங்குமுன், காலை முதல் படகில் போவது நல்லது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம். உடைந்த பவளம் காலைக் கிழிக்கும், சப்பாத்து அவசியம். உயிருள்ள பவளத்தில் கால் ஊன்றுவதும், ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் சட்டப்படி குற்றம்.

பவளத்துக்கு மட்டும் ஒரு பாகை வித்தியாசமும் பெரிது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி நீர் சில வாரங்கள் அப்படியே நின்றால் அது வெளிறத் தொடங்கும். 1998இல் இலங்கையின் தென்மேற்குப் பவளப்பாறைகள் அப்படி வெளிறி அழிந்தபோது திருகோணமலைப் பாறைகள் பெருமளவு தப்பின. காலை ஊன்றாதீர்கள் என்று படகோட்டி கத்துவது தப்பிய அந்த மிச்சத்துக்காகத்தான்.

சொறியும் முள்ளும்

சொறி பட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நன்னீரால் கழுவவும் கூடாது. இரண்டும் ஒட்டியிருக்கும் நஞ்சுப்பைகளை வெடிக்க வைக்கும். கடல்நீரை ஊற்றி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகையைத் தாண்டாத வெந்நீரில் இருபது நிமிடமாவது அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். திருக்கை முள் குத்தினாலும் இதே வெந்நீர் வலியைக் குறைக்கும். ஆனால் முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மணற்தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை அதிர்வறிந்து விலகிவிடும்.

கடல் விடாத நாளில்

கொடி சிவப்பாக இருந்தால் கன்னியாவுக்குப் போங்கள். அனுராதபுர வீதியில் நகரத்திலிருந்து சிறிது தூரத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் நீர் வெவ்வேறு சூட்டில் இருக்கும். வாளியால் மொண்டு ஊற்றிக் குளிப்பதுதான் அங்கே வழக்கம். சவர்க்காரம் கொண்டுபோகாதீர்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறினால் சுவாமிமலைப் பாறையிலிருந்து, எந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

அவசரத்துக்கு

அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டும் இலவசம், உங்கள் தொலைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். தங்குமிடத்தின் பெயரையும் அருகிலுள்ள வீதியின் பெயரையும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி வைத்திருந்தால் வண்டி தேடி அலையாது.

நீரில் மூழ்கியவரை வெளியே எடுத்தால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம், நேரம்தான் வீணாகும். மூச்சில்லை என்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாய்வழியாக மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை மூச்சு. அம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடர வேண்டும். கண்விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நீர் புகுந்த நுரையீரலின் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.